ஓடியும் இழுக்காத விசிறி

கல்யாண விருந்தைப் புகழ்ந்து பேசுவோர் சாம்பாரின் மணத்தையும், பாயசத்தின் பக்குவத்தையும், பரிமாறியவர்களின் உபசாரத்தையும் புகழ்வார்களேயன்றி, அவ்வளவும் வெந்து இறங்கிய சமையற்கூடத்தின் தலைக்கு மேலே, தகரக் குழாய் வழியாகப் புகையையும் ஆவியையும் இடைவிடாமல் இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த யந்திரத்தை நினைப்பதில்லை. அதை நினைக்க வேண்டியவர்கள் விருந்தினரும் அல்லர். மண்டபத்தைக் கட்டியவரும், அதை நடத்துகிறவரும், அந்த யந்திரத்துக்கு மின்சாரக் கம்பி இழுத்துக் கொடுத்தவரும்தாம். அவர்கள் மறந்துவிட்டால், அந்த மறதியின் பலனை அநுபவிப்பவர்கள் அடுப்படியில் நிற்கும் மாஸ்டரும், அவருக்குக் காய் நறுக்கிக் கொடுக்கும் பெண்களும், அண்டா தேய்க்கும் ஆட்களுமே.

விழுப்புரம் மாவட்டத்துக் காணை ஒன்றியத்தைச் சேர்ந்த கெடார் போன்ற ஊர்களில், முன்பெல்லாம் கல்யாணச் சமையல் வீட்டுக் கொல்லையில், பந்தலுக்கு அப்பால் வெட்டிய கோட்டை அடுப்பில் நடந்தது. புகை போவதற்கு ஆகாயம் முழுவதும் வழியாக இருந்தது. மண்டபங்கள் எழுந்தபின் அந்தச் சமையல் நான்கு சுவர்களுக்குள் புகுந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலை அகன்று, வெளியூர்ப் பேருந்துகள் நின்று செல்லும் உணவகங்கள் பெருகியபோது, இரவும் பகலும் அணையாத அடுப்புகளும் பரோட்டாக் கல்லும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன. சமையல் உள்ளே வந்த வேகத்துக்கு ஈடாகக் காற்றுக்கு வழி செய்யும் அறிவும் உள்ளே வந்ததா என்றால், இல்லை என்றே வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவரில் ஒரு துளை போட்டு, அதில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டி, அது சுற்றுகிறது என்று கண்டவுடன் காரியம் முடிந்தது என்று கருதுவதே பெரும்பான்மை வழக்கமாக இருக்கிறது.

அடுப்படியில் எழும் புகை கண்ணைக் கரிக்கும் சங்கடம் மட்டுமன்று. எரிவாயுவோ விறகோ போதிய காற்றின்றி எரியும்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. மிகுந்த உஷ்ணத்தில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியைப் பற்றி, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2010-இல் வெளியிட்ட நூலில், அது மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்ற வகையில் சேர்த்திருக்கிறது. நாள் முழுதும் வடைச்சட்டியின் முன் நிற்கும் ஒருவருக்குப் புகையிழுக்கும் சாதனம் சௌகரியத்துக்கான பொருளன்று. அது அவருடைய சுவாசத்துக்கான பொருள்.

அந்தச் சாதனத்தின் அமைப்பு அறிவதற்கு அரியதன்று. அடுப்புகளின்மேல் கவிந்து நிற்பது ஹூட் என்னும் தகட்டுக் கூண்டு. அதன் வாயில், எண்ணெய்ப் பிசுக்கைத் தடுத்து வழியவிடும் வடிகட்டித் தகடுகள். அங்கிருந்து மாடிக்குச் செல்லும் டக்ட் என்னும் தகரக் குழாய். குழாயின் முடிவில், பெரும்பாலும் மொட்டைமாடியில், நத்தைக் கூடு போன்ற உறைக்குள் சக்கரம் சுழலும் புளோயர். அதைப் பெல்ட்டினாலோ நேராகவோ சுழற்றும் மோட்டார். இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டியது, வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக உள்ளே வரவேண்டிய புதுக் காற்றின் வழி. ஜன்னல்களை அடைத்துவிட்டுப் புளோயரை மட்டும் பெரிதாக்கினால், இழுப்பதற்குக் காற்றில்லாமல் அது வீணே உழலும். கதவைத் திறப்பதற்கு வலிய இழுக்க வேண்டியிருப்பதும், திறந்தவுடன் அடுப்புச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்வதும் அதன் அடையாளங்கள்.

இனி, கெடார்ப் பக்கத்து மண்டபம் ஒன்றில் நேரில் கண்டதைக் கூறுகிறேன். முகூர்த்தத்துக்கு முந்திய இரவு; மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சமையற்கூடம் முழுவதும் தாளிப்பின் நெடியும் ஆவியும் தாழ்ந்து கவிந்து, விளக்கு மங்கலாகத் தெரிந்தது. மேலே புளோயர் ஓடும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. அவசரமாக அழைக்கப்பட்டு வந்த இளைஞரான வயர்மேனிடம், “தம்பி, ஃபேனு ஓடத்தான் ஓடுது, பொகை மட்டும் ஏன் போவமாட்டேங்குது?” என்று மாஸ்டர் கேட்டார். இளைஞர் உடனே ஏணியைத் தேடவில்லை. “மாஸ்டர், சாயந்தரம் கரண்டு இருந்தப்போ எப்படி இருந்திச்சு?” என்று கேட்டார். அப்போது நன்றாகத்தான் இழுத்தது, ஜெனரேட்டர் போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று பதில் வந்தது. பிறகு மண்டபத்து மேலாளரைப் பார்த்து, “அண்ணே, ஜெனரேட்டர்ல போர் மோட்டார் போட்டா டேங்க்கு ரொம்புதா?” என்றார். அது சரியாக நிரம்புவதே இல்லை, கிணற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார் மேலாளர். இளைஞரின் முகத்தில் சந்தேகம் தீர்ந்த தெளிவு அப்போதே தோன்றியது.

மாடியில் புளோயரின் உறைமேல் ஒரு விரற்கடைப் பிசுக்குப் படிந்திருந்தது. சாக்குத் துணியால் அதைத் துடைத்தபோது, தயாரித்தவர்கள் சிவப்பு வர்ணத்தில் இட்ட அம்புக்குறி வெளிப்பட்டது. கீழே ஸ்டார்ட்டரை நிறுத்தச் சொல்லி, வேகம் குறைந்து நிற்கப்போகும் புல்லியின்மேல் டார்ச் விளக்கைப் பிடித்தார். அம்பு ஒரு திசையைக் காட்ட, புல்லி அதற்கு நேர் எதிர்த் திசையில் சுழன்று ஓய்ந்தது.

மும்முனை மின்சாரத்தில் இயங்கும் மோட்டாரின் நியதி இது: மூன்று முனைகளான பேஸ்களும் எந்த வரிசையில் வந்து சேர்கின்றனவோ அந்த வரிசையை ஒட்டி உள்ளே ஒரு காந்தப் புலம் சுழலும், அதைத் தொடர்ந்து சுழலி சுழலும், எந்த இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்தாலும் சுழற்சி தலைகீழாகும். 1889-ஆம் ஆண்டில் டொலிவோ-டொப்ரோவொல்ஸ்கி என்ற பொறியாளர் மும்முனை மோட்டாருக்கு உருவம் கொடுத்த நாள்முதல் இந்த இலக்கணம் மாறவில்லை. 1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியது தொடங்கி நம் கிணற்றடிகளிலெல்லாம் மோட்டார் புகுந்தபோது, உழவர்களும் இதைக் கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்டார்கள். சுவரில் பதித்த சாதாரண இறக்கை விசிறி மறுபக்கம் சுழன்றால் வெளிக்காற்று முகத்தில் அடிக்கும், குழந்தையும் கண்டுபிடித்துவிடும். நத்தைக் கூட்டுப் புளோயரின் வஞ்சகம் என்னவென்றால், எப்பக்கம் சுழன்றாலும் காற்று ஒரே வாய்வழியாகத்தான் வெளிவரும். ஆனால் முறத்தை மறுபுறமாகப் பிடித்துப் புடைப்பதுபோல, சுற்றும் உழைப்பெல்லாம் செலவாகி, வரும் காற்று மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். சக்கரத்தின் தகடுகள் முன்னோக்கி வளைந்தவையானால் மின்னோட்டமும் குறைந்தே காட்டும். ஆகவே மீட்டரை மட்டும் வைத்துப் பார்ப்பவர், மோட்டார் சுகமாக இருக்கிறது என்று சான்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆழ்குழாய் மோட்டாரும் தலைகீழாகச் சுழன்றால் கொஞ்சம் தண்ணீரைத் தந்துகொண்டேயிருக்கும். கிணறு வற்றிவிட்டது என்ற தவறான எண்ணம் எழுந்தது அதனால்தான்.

அந்த இளைஞரின் கல்வி எனக்கு விளங்கியது அதற்கடுத்த செயலில்தான். அநுபவமில்லாத ஒருவர் மோட்டாரின் பெட்டியைத் திறந்து இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டிருப்பார், உடனே புகை போயிருக்கும், எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். விடியற்காலையில் அரசு மின்சாரம் திரும்பியவுடன் புளோயர் மறுபடியும் எதிர்ப்பக்கம் சுழன்றிருக்கும். இந்த இளைஞரோ மோட்டாரைத் தொடவேயில்லை. ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லி, அரசு மின்சாரத்தையும் ஜெனரேட்டரையும் மாற்றிக் கொடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திறந்து, ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றினார். ஜெனரேட்டர் மறுபடி ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அடுப்புகளின்மேல் தொங்கிக்கொண்டிருந்த ஆவி மேலே ஏறத் தொடங்கியது. மாடித் தொட்டியின் குழாயில் தண்ணீரின் சத்தமும் கேட்டது. ஜெனரேட்டரை மாட்டிய நாளிலிருந்து அரசு மின்சாரத்தின் பேஸ் வரிசையும் ஜெனரேட்டரின் பேஸ் வரிசையும் ஒன்றுக்கொன்று மாறுபட்டே இருந்திருக்கின்றன. மின்தடை வந்த ஒவ்வொரு முகூர்த்தத்திலும் சமைத்தவர்கள் அந்தப் புகையைக் குடித்திருக்கிறார்கள்.

கிராமத்து மின்சாரத்துக்கு வேறு சில குணங்களும் உண்டு. மும்முனை மின்சாரம் இன்ன நேரம், இருமுனை இன்ன நேரம் என்று முறைவைத்து வந்ததைத் தமிழ்நாட்டு உழவர் நீண்ட காலமாக அறிவர். ஓடிக்கொண்டிருக்கும் மும்முனை மோட்டாருக்கு ஒரு பேஸ் திடீரென்று நின்றுபோனால் அது உடனே நிற்பதில்லை. மீதியிருக்கும் இரண்டு கம்பிகளிலிருந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு உறுமியபடி ஓடி, உள்ளே சுற்றிய கம்பியான காயில் கருகிய பின்பே நிற்கும். ஓவர்லோடு ரிலேயும், பேஸ் இழப்பைக் கண்டு அணைக்கும் சாதனமும் ஸ்டார்ட்டருக்குள் இருப்பது இதற்காகவே. புதிதாகக் காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் அச்சாதனத்தின் விலை அற்பம். ஒருமுனை விசிறிகளுக்கு வேறு நோய். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180-க்கு இறங்கினால், மோட்டாரின் திருப்பு விசை அதே விகிதத்தில் குறையாமல் அந்த விகிதத்தின் வர்க்கமாகக் குறைந்து, 100-க்கு 61 பங்காகிவிடுகிறது. அதோடு கெப்பாசிட்டரும் வலுவிழந்துவிட்டால் விசிறி ரீங்காரமிட்டு நிற்கும். கரண்டிக் காம்பால் இறக்கையைத் தள்ளிவிட்டு ஓட வைப்பதை எத்தனையோ சிற்றுண்டிச் சாலைகளில் காணலாம். சில ரூபாய்ப் பொருளை மாற்றாமல் விரலைப் பணயம் வைக்கும் அந்தப் பழக்கத்தை முதலாளிகள் ஒருநாளும் அநுமதிக்கலாகாது.

இழுப்புப் போதவில்லை என்று மோட்டார்ப் புல்லியைப் பெரிதாக்கிச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றும் வைத்தியமும் நடக்கிறது. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் காற்றும் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். அதற்குத் தேவையான சக்தியோ 100-க்கு 73 கூடிவிடும், ஏனெனில் சக்தி வேகத்தின் கனமாக ஏறுகிறது. அப்போது ஓவர்லோடு அடிக்கடி விழும்; அது விழாமலிருக்க அதன் திருகைத் திருப்பி அளவை உயர்த்திவிடுவார்கள்; மோட்டாரின் உஷ்ணம் ஏறும். காயிலின் காப்பு, 10 டிகிரி உஷ்ணம் மிகுந்தால் ஆயுளில் ஏறக்குறையப் பாதியை இழக்கும் என்பது இத்துறையினரின் பழைய கணக்கு. வடிகட்டித் தகடுகளைக் கழற்றி வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவியிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது.

எல்லாவற்றிலும் எனக்கு அதிக வேதனை தருவது எர்த் விஷயம். சமையற்கூடத்தின் தரை எப்போதும் ஈரம்; வேலை செய்வோரின் கால்களோ பெரும்பாலும் வெறுங்கால்கள்; ஹூட், மேசை, தொட்டி யாவும் உலோகம். மோட்டார்ப் பெட்டிக்குள் ஆவி புகுந்து மின்சாரம் உறையில் கசிந்தால், அது தகரக் குழாய் வழியாக இறங்கி ஹூட்டின் விளிம்புக்கே வந்து நிற்கும். உப்பும் கரியும் இட்ட குழியில் குழாய் பதித்து எர்த் செய்வதும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைத்துவிடும் சுவிட்சை வைப்பதும் அந்தக் கசிவு மனித இருதயத்தின் வழியே போகாமல் தடுப்பதற்காக ஏற்பட்டவை. மழைக்காலத்தில் அந்தச் சுவிட்ச் அடிக்கடி அணைகிறது என்று சலித்து, அதைத் தவிர்த்து நேராகக் கம்பி கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அது அணைவது கோளாறன்று. கோளாறு இருக்கிறது என்று அது சொல்லும் சாட்சியம். ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பதும் அதே வகையான பாதகம்.

கம்பியும் உஷ்ணம் தாங்கும் ஜாதியாக இருக்கவேண்டும். வீடுகளுக்கு இழுக்கும் சாதாரண பி.வி.சி. கம்பி 70 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேற்பட்ட வெப்பமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் அதன் நெகிழ்வு போய், பழைய பனையோலை முறிவதுபோல முறியும் நிலைக்கு வந்துவிடும். ஆகையால் ஹூட்டின் அருகே சிலிக்கோன் அல்லது கண்ணாடியிழை உறையிட்ட கம்பியே தகும். குழாயின் உட்புறத்தில் எந்தக் கம்பியும் ஓடக்கூடாது என்று அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 96-ஆம் எண் விதி கண்டிப்பாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு: குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகப் படிந்த பிசுக்கு நல்ல எரிபொருள். ஒரு பொறி போதும். ஓடும் புளோயரே அதற்குக் காற்றூதிக் கொடுக்கும். 1997 டிசம்பர் 12-ஆம் நாள் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் முதல் முனையத்தில், ஓர் உணவுக்கடையின் சமையலறையில் பிடித்த தீ புகைக் குழாய் வழியே பரவி, விமானங்கள் பல தடைப்பட்டன. 2007 ஆகஸ்டு 29-இல் பாஸ்டன் நகரத்து உணவகம் ஒன்றில், பிசுக்குக் கசிந்த குழாயிலிருந்து கூரைக்குள் பரவிய தீயை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் இருவர் மாண்டனர். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறித்த தீ, மதிய உணவு சமைத்த கீற்றுக் கொட்டகையில்தான் தொடங்கியது. சமையலுக்கு இடம் ஒதுக்கும்போது நெருப்பும் புகையும் போகும் வழியை யோசிக்காததற்கு அதைவிடக் கொடிய விலையைத் தமிழ்நாடு கொடுத்ததில்லை.

எரிவாயு கசிந்த வாசனை வந்தவுடன் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொல்லும் நல்லெண்ணம் படைத்தவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அது தரையில் தேங்கும். மேலே இருக்கும் விசிறி அதை எளிதில் இழுக்காது. காற்றில் 100-க்கு ஏறத்தாழ 2 பங்கு கலந்தாலே அது பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். சுவிட்சில் எழும் பொறி அதற்குப் போதுமானது. சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறுவதே முறை. புளோயர் நின்றால் எரிவாயுவும் தானே அடைபடும்படி இரண்டையும் இணைக்கும் மின்வால்வு இப்போது கிடைக்கிறது. பெரிய கூடங்களுக்கு அதை அவசியமாகக் கருத வேண்டும்.

இவ்வளவு பொறுப்புள்ள வேலையைச் செய்பவரை நாம் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அநுபவத்தால் தொழில் கற்றவர்களுக்கென்று மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசே நடத்துகிறது. அந்தச் சான்று உள்ளவரா என்று கேட்கும் வழக்கத்தைவிட, யார் குறைந்த கூலிக்கு வருவார் என்று கேட்கும் வழக்கமே மிகுதி. புகைக்குழாய் பொருத்துபவர் ஒருவர், மின்சாரம் கொடுப்பவர் ஒருவர், ஜெனரேட்டர் கொண்டுவருபவர் ஒருவர் என்று வேலை பிரிந்து கிடப்பதால், மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் ஒன்றும் இல்லாமற் போகிறது. நான் கண்ட மண்டபத்தின் கோளாறு இந்தப் பிரிவினையிலிருந்தே பிறந்தது.

புகையை உண்டாக்கிவிட்டு விரட்டுவதைவிட, உண்டாக்காமலே இருப்பது மேலல்லவா என்று கேட்போருக்கு இம்மாவட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஆரோவில்லின் சூரிய சமையற்கூடத்து மாடியில் 15 மீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குகிறது. வெயில் போதாதபோது டீசல் கொதிகலன் துணை செய்கிறது. ஆயிரம்பேர் வரை உண்ணும் சமையலில், நீராவியால் வேகும் பாத்திரத்தின் அடியில் நெருப்பில்லை. ஆகவே எரிவதனால் வரும் நச்சுக்காற்றும் அந்தப் பாத்திரத்தைச் சுற்றி இல்லை. ஆனால் சோறு வேகும் ஆவியும் தாளிக்கும் நெடியும் அங்கும் வெளியேறித்தான் ஆகவேண்டும். விசிறியும் கம்பியும் எர்த்தும் அங்கும் வேண்டியவையே. எல்லா மண்டபங்களும் அதைப் பின்பற்ற இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இயலக்கூடிய காரியம் ஒன்றுண்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அந்த மாதங்களில் குழாயின் பிசுக்கைச் சுரண்டி எடுத்து, பெல்ட்டையும் பேரிங்கையும் பார்த்து, மெக்கர் கருவியால் மோட்டாரின் காப்பை அளக்கலாம். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் காயிலில் ஈரம் புகுந்திருக்கிறதென்று கொண்டு, மோட்டாருக்குள் 200 வாட் பல்பை எரியவைத்து உலர்த்தி மறுபடி அளந்து பார்ப்பது எந்தக் காயில் கடைக்காரருக்கும் தெரிந்த முறை. அதன்பின் அரசு மின்சாரத்தில் ஒருமுறை, ஜெனரேட்டரில் ஒருமுறை புளோயரை ஓட்டி, இரண்டு தடவையும் புல்லி அம்புக்குறியின் பக்கமே சுழல்கிறதா என்று பார்த்து, பார்த்த தேதியைப் பேனல் கதவின் உட்புறத்தில் எழுதிவைத்தால், தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்கு வரும் மாஸ்டர் அடுப்பைப் பற்றவைக்குமுன் அந்தத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதற்கு அவருக்கு முழு உரிமையும் இருக்கிறது.